ரத்தக்கொடைக்கு ஆள் சேர்ப்பவரின் எல்லைகள்

பெங்களூரின் ஆடுகோடியில் ரத்தக்கொடைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கும் இளைஞருக்கு,

ரத்தம் கொடுப்பவருக்கு விதியே எல்லை வகுத்திருக்கிறது. இந்தியாவில் முழு ரத்தம் கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் காத்திருக்க வேண்டும். எடை 45 கிலோவுக்கும் ஹீமோகுளோபின் 12.5-க்கும் குறையக் கூடாது. தட்டணுவை மட்டும் இயந்திரத்தில் பிரித்துக் கொடுப்பவர் 48 மணி நேரத்துக்குள் மறுபடி கொடுக்க முடியாது; ஆண்டுக்கு 24 முறைதான் உச்சம். எவ்வளவு ஆர்வமாக வந்து நின்றாலும் நாள் ஆகவில்லை என்றால் ரத்த மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தக் கொடையாளரைத் தேடிப் பிடித்து அனுப்பும் தன்னார்வலரைத் தடுத்து நிறுத்த மட்டும் யாரும் இல்லை. அவர் இரவு இரண்டு மணிக்கும் போனை எடுக்கிறார், மறுநாள் வேலைக்கும் போகிறார்.

ஆடுகோடியில் இந்தச் சுமை கூடுவதற்கு இடமும் ஒரு காரணம். 1973-இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை, 1974-இல் உருவான மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ், குழந்தைகளுக்கான இந்திரா காந்தி மருத்துவமனை, கோரமங்கலா பக்கம் செயின்ட் ஜான்ஸ் என எல்லாம் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன. கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் நோயாளியோடு வருகிறவருக்குப் பெங்களூரில் ஆள் பழக்கம் இராது, கன்னடமும் வராது. தமிழ் பேசும் உள்ளூர் இளைஞர் ஒருவரின் எண் கிடைத்துவிட்டால் அது வார்டு வார்டாகக் கைமாறும்.

வருகிற அழைப்பு எல்லாமே அவசரம் என்றுதான் தொடங்கும். சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் 42 நாள்வரை வைக்கலாம். தட்டணு ஐந்து நாளைத் தாண்டாது. கீமோதெரபியில் தட்டணு சரிந்த நோயாளிக்கு வரும் கோரிக்கை பெரும்பாலும் மெய்யான அவசரம்தான். அடுத்த வாரம் தேதி குறித்த அறுவைச் சிகிச்சைக்கு ரிப்ளேஸ்மென்ட் (ஈடு ரத்தம்) கேட்பது அப்படியல்ல. ஆனால் கேட்பவரின் குரலில் இரண்டுக்கும் ஒரே பதற்றம். ஆகவே குரலை விட்டுவிட்டுக் கேள்விகளால் பிரிக்க வேண்டும்: முழு ரத்தமா தட்டணுவா, எத்தனை யூனிட், எந்த ரத்த மையம், எத்தனை மணிக்குள், மருத்துவர் கையெழுத்திட்ட படிவம் எங்கே? படிவம் அனுப்பாத அழைப்புக்கு ஓடத் தேவையில்லை.

இந்த வேலையின் வரலாற்றிலும் ஓர் எல்லை புதைந்து கிடக்கிறது. பணத்துக்கு ரத்தம் விற்பதை நிறுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது. தேவையான தீர்ப்புதான். விற்பவர் விட்டுப்போன இடத்தில் பெரும்பங்கு பாரம் நோயாளியின் உறவினர் தலையில் விழுந்தது. உறவினரிடம் ஈடு கேட்கும் வழக்கம் படிப்படியாக ஒழிய வேண்டும் என்று 2002-இன் தேசிய ரத்தக் கொள்கை சொன்ன பிறகும் அது தொடர்கிறது. போதிய இருப்பு வைத்திருக்க வேண்டிய பொறுப்பு ரத்த மையத்துடையது. தன்னார்வலர் அதற்குக் கைகொடுக்கிறார், அவ்வளவே. இதை மறந்தவர் ஒரு நிறுவனத்தின் கடமையைத் தனி ஆளாகச் சுமக்கத் தொடங்குகிறார்.

சுமந்தால் என்ன ஆகும் என்பதை ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974-இல் எழுதினார். பகலில் தன் சொந்த மருத்துவகம், இரவில் நியூயார்க்கின் இலவச மருத்துவகம் என்று உழைத்தவர் அவர். அங்கே தன்னார்வலர்களிடம் கண்ட களைப்பையும் எரிச்சலையும்தான் பதிவு செய்தார். அதிகம் ஈடுபாடு கொண்டவர்களே முதலில் ஓய்ந்துபோனார்கள். இந்தக் களைப்பை அளக்க உளவியலாளர் கிறிஸ்டினா மாஸ்லாக் 1981-இல் வெளியிட்ட அளவுகோலில் இன்னோர் அறிகுறி சேர்ந்தது: எதிரில் இருக்கும் மனிதர் மனிதராகத் தோன்றாமல் போவது. ரத்தக்கொடை வேலையில் இது எளிதில் அடையாளம் தெரியும். நோயாளியின் வயதோ நோயோ காதில் ஏறாது, 'ஓ நெகட்டிவ், ரெண்டு யூனிட்' மட்டுமே ஏறும். வர முடியாது என்று சொல்லும் கொடையாளர் எல்லோரும் பொய் சொல்வதாகப் படும்.

இந்த நிலையில் பலரும் செய்வது 'பார்க்கிறேன்' என்று சொல்லிப் போனை வைப்பது. தன்னார்வலருக்கு அது மறுக்கும் சங்கடத்திலிருந்து தப்பும் வழி. வார்டு வாசலில் நிற்கும் உறவினருக்கோ அது வாக்குறுதி. அதை நம்பி வேறெங்கும் கேட்காமல் உட்கார்ந்திருப்பார். நான்கு மணி நேரம் கழித்துத் தெரியும் இல்லையைவிட ஒரே நிமிடத்தில் சொன்ன இல்லை அவருக்குப் பல மடங்கு உதவும். மறுக்கும்போது வழியும் காட்ட வேண்டும்: எந்த மையத்தில் எந்த வகை இருப்பு உள்ளது என்பதைக் காட்டும் இ-ரக்த்கோஷ் அரசுத் தளம், அருகிலுள்ள இரண்டு மூன்று ரத்த மையங்களின் எண்கள். இவற்றை முன்பே தட்டச்சு செய்து வைத்திருந்தால் தூக்கக் கலக்கத்திலும் அனுப்பலாம்.

வெளியே பரவும் எண் தனி ஆளுடையதாக இருக்கக் கூடாது. குழுவுக்கென ஒரு சிம் வாங்கி மூன்று நான்கு பேர் முறைவைத்து எடுக்கலாம். முறை இல்லாத நாளில் அந்த போன் வீட்டில் இருக்கவே கூடாது. எத்தனை மணிமுதல் எத்தனை மணிவரை பதில் கிடைக்கும் என்பது வாட்ஸ்ஆப் முகப்பிலேயே தெரிய வேண்டும். நோயாளி வீட்டாரிடம் ஆட்டோ காசு உட்பட எதையும் வாங்காதிருப்பது நல்லது. காசு வாங்கியபின் மறுக்கும் உரிமை போய்விடும்.

ரத்தம் கிடைத்தும் நோயாளி இறப்பார், கிடைக்காமலும் இறப்பார். 'நீங்க வந்திருந்தா பிழைச்சிருப்பாரு' என்று துக்கத்தில் ஒருவர் சொல்லலாம். அவரிடம் வாதாட வேண்டியதில்லை; அதை மருத்துவத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதும் இல்லை. தூக்கம் கெடுவதும் போன் ஒலித்தாலே படபடப்பு வருவதும் வாரக்கணக்கில் நீடித்தால் 14416-ஐ அழைக்கலாம். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவை அது. இரவு பகலாக இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அதன் தேசியத் தலைமை மையம் நிம்ஹான்ஸ்தான்.

விலகிக்கொள்ள வேண்டிய நேரமும் வரும். ஒரு முறை ரத்தம் கொடுத்த உடலுக்கே மூன்று நான்கு மாதம் இடைவெளி விடப்படுகிறது. ஒருங்கிணைப்பாளரும் அவ்வளவு காலம் ஒதுங்கியிருப்பதில் தவறில்லை. போகும்முன் குழுவில் தேதியைச் சொல்லி, சிம்மையும் கொடையாளர் பட்டியலையும் இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டியலில் ஒவ்வொருவரும் கடைசியாக ரத்தம் கொடுத்த தேதி இருக்க வேண்டும். எண்ணைப் புதியவருக்குத் தரச் சம்மதமா என்று கொடையாளர்களிடம் முன்கூட்டியே கேட்டு, சம்மதிக்காதவர் பெயரை நீக்கிவிட வேண்டும்.