இதயத் தமனியைக் காணும் கருவி

மருத்துவர் முத்துலட்சுமி அம்மையார் 1886-இல் புதுக்கோட்டையிற் பிறந்தவர். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். அக்காலத்தில் நெஞ்சு நோவென வந்தவரின் மார்பிற் குழல்வைத்துக் கேட்டும், நாடி பார்த்துமே மருத்துவர் பெரிதும் நோயை உய்த்துணர்ந்தனர். இதயத்துக்கே குருதி ஊட்டும் தமனிகளில் அடைப்பு உளதா என்பதை உயிருள்ளவரிடம் கண்ணாற் காண வழியில்லை.

இன்று சி.டி. கருவி அதனைக் காட்டுகிறது. ஆங்கிலப் பொறிஞர் ஹவுன்ஸ்ஃபீல்டு அமைத்த இக்கருவி, 1971-இல் முதன்முதல் ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. மூளை அசையாதிருக்கும், இதயமோ ஓயாது துடிக்கும். ஓடும் குதிரையை நிழற்படம் எடுப்பவன் படும் பாடே இங்கும்! ஆதலின், மாத்திரையால் துடிப்பைத் தணித்து, இதய மின்பதிவோடு கருவியை இணைத்து, இரு துடிப்புகளுக்கு இடைப்பட்ட சிறு அமைதியிற் படம் எடுப்பர். அயோடின் கலந்த மருந்தைக் கைச்சிரையிற் செலுத்துவதால் குருதி ஓடும் வழி வெண்மையாய்த் துலங்கும். அது குறுகிய இடமும் புலப்படும்.

மருந்தின்றி எடுக்கும் எளிய படமும் உண்டு. அதிற் தமனிச் சுவரிற் படிந்த சுண்ணமே தெரியும்; அதனை எண்ணால் அளந்து கூறுவர். எண் சுழியாயின் அச்சம் குறைவு. ஆயினும், சுண்ணம் ஏறாத மென்படிவு இப்படத்துக்குத் தப்பிவிடும்.

எகிப்து, பெரு முதலிய நாடுகளின் 137 பழம்பிணங்களை இக்கருவியால் ஆராய்ந்த முடிவு 2013-இல் வெளியாயிற்று. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரிடம் தமனித் தடிப்பின் அடையாளம் இருந்தது. இந்நோய் நம் காலத்துப் புதுமையன்று.

திடீரென நெஞ்சு இறுகி, வியர்வை பெருகி, வலி கையிற் பரவுமாயின் இப்படத்துக்குக் காத்திருத்தல் தவறு. 108-ஐ அழைத்து உடனே மருத்துவமனை சேர்ந்து, முதலில் மின்பதிவு எடுத்தல் வேண்டும். புதுக்கோட்டையிலேயே 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.