கடைமடையில் தங்கும் வண்டல்

போலகம்

அன்புத் தம்பிக்கு,

அத்தை எழுதுகிறேன். "மாத்திரைதானே அத்தை, ஹெராயினா என்ன?" என்று போனில் கேட்டாய். உன் அறை நண்பன் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறான் என்று கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. உங்கள் சென்னையிலேயே டேப்பென்டடால் என்ற வலி மாத்திரையை இப்படி ஏற்றிக்கொண்டு பையன்கள் செத்திருக்கிறார்கள்.

மாத்திரையில் மருந்து மட்டுமா இருக்கிறது? கெட்டியாக நிற்க மாவு, டால்க், செல்லுலோஸ் சேர்ப்பார்கள். விழுங்கினால் குடல் பார்த்துக்கொள்ளும். ரத்தத்தில் அவை கரையாது. கடைமடைக்காரனுக்கு நான் சொல்லவா வேண்டும்? ஆற்றோடு ஓடிவரும் வண்டல் சின்ன வாய்க்காலில் வந்துதான் அடைக்கும். கையில் ஏற்றியது இதயம் வழியே நுரையீரலுக்குப் போய், முடியைவிட மெல்லிய குழாய்களில் தங்கிவிடும். ஊசியோடு உள்ளே போகும் தோல் கிருமி இதய வால்வையே அரித்துவிடும்.

ஒருநாள் வார்டில் ஒரு பையனுக்கு டிரிப்ஸ் போட இருபது நிமிஷம் நரம்பு தேடினேன். இரண்டு முழங்கை மடிப்பிலும் நரம்பு கயிறாக இறுகி, விரலுக்கடியில் உருண்டது. முன்கையில் சீழ்கட்டி. "அக்கா, அங்க வராது, கால்ல பாருங்க" என்று அவனே பாதத்தை நீட்டினான். இருபத்திரண்டு வயசு.

ஒரே ஊசியை மாற்றி மாற்றிப் போட்டார்களா என்று கேள். எச்.ஐ.வி. மட்டுமல்ல, ஹெபடைட்டிஸ் சியும் தொற்றும். அந்தக் கிருமி ஊசிக்குழாயில் பல வாரம் உயிரோடிருக்கும். கரைத்த தண்ணீர், பஞ்சு வழியாகவும் தொற்றும். கடைசியாகப் பகிர்ந்து 72 மணி நேரம் ஆகவில்லையென்றால் இன்றே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போ, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தருவார்கள். இல்லையென்றாலும் நம்பிக்கை மையத்தில் சோதித்துக்கொள்ளட்டும். அவன் சம்மதமில்லாமல் முடிவை வெளியே சொல்ல 2017 எச்.ஐ.வி. சட்டம் விடாது. ஹெபடைட்டிஸ் சி மாத்திரையிலேயே குணமாகும், அரசு இலவசமாகத் தருகிறது.

ஒருநாள் அவன் எழுப்பியும் எழாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலம் பாய்ந்தால், போலீஸுக்குப் பயந்து நிற்காதே. ஒருக்களித்துப் படுக்கவை, 108ஐக் கூப்பிடு, என்ன போட்டான் என்று உண்மையைச் சொல். மாற்று மருந்து இருக்கிறது.

அவனைத் திட்டாதே. திடீரென்று நிறுத்தினால் உடம்பு முறுக்கி வலிக்கும். அந்த வலிக்குப் பயந்தேதான் மறுபடி போடுகிறான். அதற்கு வைத்தியம் உண்டு. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை உங்கள் ஊரில்தான் இருக்கிறது. அரசு உதவி எண் 14446.

அவன் அம்மாவிடம் யார் சொல்வது என்று தயங்கினாயே, நான் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன். காலையில் இரண்டு பேரும் சாப்பிடாமல் இருங்கள், இட்லி கட்டிக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அத்தை