தொழிலாளர் சட்டம் கற்றோர்க்கான பணிகள்

நுழையும்முன்

பெருநகரங்களில் நாள்தோறும் புதிய கட்டடங்கள் எழுகின்றன. அவற்றைக் கட்டுவோருள் பலர் வேறு மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். அவர்களுக்குச் சேரவேண்டிய கூலி குறைந்தால் யாரிடம் முறையிடுவது? அம்முறையீட்டைக் கேட்பதற்கும் எழுதுவதற்கும் வாதிடுவதற்கும் தீர்ப்பதற்கும் சட்டம் கற்றவர்கள் தேவைப்படுகின்றனர். அவர்களுடைய பணிகளை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு ரூபாய் வழக்கு

1982ஆம் ஆண்டு புதுதில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அவற்றிற்காக விளையாட்டரங்குகளும் மேம்பாலங்களும் கட்டப்பட்டன. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் அழைத்து வரப்பட்டனர். அவர்களுக்குரிய குறைந்தபட்சக் கூலி நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு. ஒப்பந்தக்காரர்கள் அத்தொகையை 'ஜமாதார்' எனப்பட்ட இடைத்தரகர்களிடம் கொடுத்தனர். இடைத்தரகர்கள் ஒவ்வொருவர் கூலியிலிருந்தும் நாளொன்றுக்கு ஒரு ரூபாயை எடுத்துக்கொண்டனர். தொழிலாளியின் கையில் சேர்ந்தது 8 ரூபாய் 25 காசே. ஒரு ரூபாய் சிறு தொகையாகத் தோன்றலாம். ஆனால் ஒன்பது நாள் உழைத்தவர் ஏறக்குறைய ஒரு நாள் கூலியை இழந்தார்.

மக்களின் ஜனநாயக உரிமைகளுக்கான அமைப்பு ஒன்று இந்நிலையை ஆராய்ந்து, உச்ச நீதிமன்ற நீதிபதி பி.என். பகவதிக்குக் கடிதம் எழுதியது. அக்கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. அவ்வாண்டு செப்டம்பரில் தீர்ப்பு வந்தது. குறைந்தபட்சக் கூலியினும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசியலமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என நீதிமன்றம் கூறியது. கட்டட வேலை இடர் நிறைந்தது. ஆகவே 14 வயது நிரம்பாத சிறுவரை அதில் அமர்த்தலாகாது என்றும் கூறியது.

நான்கு வகைப் பணிகள்

ஒருவர் கூலியில் ஒரு ரூபாய் குறைந்தால் அதனைச் சரிசெய்யப் பலர் உழைக்க வேண்டியிருக்கிறது.

முதலாமவர் வழக்கறிஞர். கூலிக் குறைவு, முறையற்ற பணிநீக்கம், வேலையிட விபத்து ஆகியவற்றால் எழும் வழக்குகளை இவர் நடத்துகிறார். தொழிலாளர் நீதிமன்றத்தில் இவர் தாமாகவே முன்னிற்க இயலாது. எதிர்த்தரப்பின் இசைவும் நீதிமன்றத்தின் அனுமதியும் வேண்டும். வசதி மிக்க நிறுவனம் பெரிய வழக்கறிஞரை அமர்த்தி எளியவரைத் திணறச் செய்யாதிருக்கவே இவ்விதி ஏற்பட்டது. தொழிலாளிக்காகத் தொழிற்சங்கப் பொறுப்பாளர் வாதாடலாம். எனவே தொழிற்சங்கங்களுக்கும் சட்டம் அறிந்தவர்கள் தேவைப்படுகின்றனர்.

இரண்டாமவர் அரசு அலுவலர். கூலிப் பதிவேட்டைச் சோதிப்பதும், இரு தரப்பினரையும் அழைத்துச் சமரசம் பேசுவதும் தொழிலாளர் துறையினரின் கடமைகள். வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் அமலாக்க அலுவலர் பணிக்கு மத்தியப் பொதுப்பணித் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. அத்தேர்வில் தொழிலாளர் சட்டமும் ஒரு பாடமாகும்.

மூன்றாமவர் நிறுவனத்தின் சட்ட ஆலோசகர். ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்கத் தவறினால், அவரிடம் வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனமே அதனைக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இதனை முன்னரே எடுத்துரைத்துத் தவறு நேராமல் காப்பவர் ஆலோசகர். நல்ல ஆலோசகர் உள்ள இடத்தில் வழக்குகள் குறையும். மத்திய அரசின் 29 தொழிலாளர் சட்டங்களை ஒன்றிணைத்து நான்கு தொகுப்புகளை நாடாளுமன்றம் 2019, 2020ஆம் ஆண்டுகளில் இயற்றியது. அவற்றைக் கற்றுத் தெளிந்தவர்களை நிறுவனங்கள் நாடுகின்றன.

நான்காமவர் சட்ட உதவி வழக்கறிஞர். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்கள், குழந்தைகள், தொழிற்சாலைத் தொழிலாளர் முதலியோர் கட்டணமின்றி வழக்கறிஞரின் உதவியைப் பெறலாம். இதற்கென வழக்கறிஞர் பட்டியல் ஒன்றை ஆணைக்குழு வைத்திருக்கிறது.

கற்கும் வழி

பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை 'கிளாட்' எனப்படும் நுழைவுத் தேர்வின் வழியே மாணவரைச் சேர்க்கின்றன. பட்டம் பெற்ற பின் சேர்வோர்க்கு மூன்றாண்டுப் படிப்பு உண்டு. படிப்பை முடித்தவர் மாநில வழக்கறிஞர் மன்றத்தில் பதிவு செய்துகொண்டு, அகில இந்திய வழக்கறிஞர் தேர்விலும் வெற்றி பெற வேண்டும். சென்னையிலுள்ள தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் சட்டத்திற்கெனத் தனிப் பட்டயப் படிப்பும் உள்ளது.

தமிழ் அறிந்தவரின் இடம்

தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்களின் 1908ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்ற வ.உ. சிதம்பரனார் ஒரு வழக்கறிஞர். 1923ஆம் ஆண்டு சென்னைக் கடற்கரையில் மே நாள் விழாவை நடத்திய சிங்காரவேலரும் வழக்கறிஞரே. ஆங்கிலச் சட்ட நூல்களைக் கற்ற அவ்விருவரும் உழைக்கும் மக்களோடு தமிழில் உரையாடினர்.

அத்தேவை இன்றும் நீங்கவில்லை. மும்பையிலோ தில்லியிலோ வேலை செய்யும் தமிழ்த் தொழிலாளி ஒருவரின் கூலிச்சீட்டு ஆங்கிலத்தில் இருக்கலாம். மேற்பார்வையாளர் இந்தியில் பேசலாம். அத்தொழிலாளி, "மாதம் ஆயிரம் ரூபாய் பிடித்தம்" என்று கூறுகிறார் எனக் கொள்வோம். அவர் வாங்கிய முன்பணம் திரும்பப் பிடிக்கப்பட்டதா? வருங்கால வைப்பு நிதிக்குச் செலுத்தப்பட்டதா? காரணமின்றி வெட்டப்பட்டதா? மூன்றிற்கும் அவர் வாயில் வருவது அந்த ஒரே சொல்தான். முதல் இரண்டும் முறையானவையாக இருக்கலாம், மூன்றாவது குற்றம். வழக்கு நிற்பதும் விழுவதும் இக்கேள்விகளுக்கு அவர் கூறும் விடையைப் பொறுத்தே அமையும். அவற்றை அவருடைய மொழியில் கேட்டு, நீதிமன்றத்தின் மொழியில் எழுதக்கூடியவர் அவருக்கு வேண்டும். வீட்டில் தமிழும் வெளியில் இந்தியும் பள்ளியில் ஆங்கிலமும் பயிலும் மாணவர்க்கு அப்பணிக்கான பாதித் தகுதி இப்போதே கைவந்திருக்கிறது. எஞ்சிய பாதி சட்டக் கல்வி.

சொற்பொருள்

இசைவு – சம்மதம்
இடைத்தரகர் – இரு தரப்புக்கும் நடுவே நின்று பொருள் பெறுபவர்
பிடித்தம் – ஊதியத்திலிருந்து கழிக்கப்படும் தொகை
சமரசம் – இரு தரப்பும் ஏற்கும் உடன்பாடு

பயிற்சி

1. ஆசிய விளையாட்டுப் பணியில் மாதம் 26 நாள் உழைத்த ஒருவர் இழந்த தொகை எவ்வளவு? அத்தொகை ஏறக்குறைய எத்தனை நாள் கூலிக்குச் சமம்?
2. தொழிலாளர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் முன்னிற்பதற்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடு யாது? அதன் காரணம் யாது?
3. 'நல்ல ஆலோசகர் உள்ள இடத்தில் வழக்குகள் குறையும்.' இக்கூற்றை விளக்குக.
4. இல்லத்திலுள்ள பெரியவர் ஒருவரிடம் அவருடைய ஊதியத்தில் என்னென்ன பிடித்தங்கள் உள்ளன எனக் கேட்டுத் தமிழில் பட்டியலிடுக.
5. இரண்டு மாதக் கூலி கிடைக்காத ஒருவருக்காக, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கு விண்ணப்பம் ஒன்று எழுதுக.