சேறு பூசினால் பிரிடேட்டர் ஏமாறுமா?

கேள்வி: ‘பிரிடேட்டர்’ படத்தில் வரும் வேற்றுக்கிரக வேட்டைக்காரன் உடம்புச் சூட்டைப் பார்த்தே ஆட்களைத் தேடிப் பிடிக்கிறான். கதாநாயகன் சேற்றைப் பூசிக்கொண்டதும் அவனைக் கண்டுபிடிக்க முடியாமல் தடுமாறுகிறான். எங்கள் வாவிக்கரையில் சேற்றுக்குப் பஞ்சமே இல்லை. இந்த வித்தை உண்மையில் பலிக்குமா? சூட்டைப் பார்க்கிற உயிரினம் உலகத்தில் உண்டா? – வாசகர், படுவான்கரை

பதில்: சேற்றுக்குப் பஞ்சமில்லாத ஊரிலிருந்துதான் இப்படிக் கேட்கத் தோன்றும். வித்தை கொஞ்ச நேரம் பலிக்கும். ஆனால் படம் பார்த்தவர்கள் நினைக்கிற காரணம் வேறு, நடப்பது வேறு.

படம் 1987இல் வந்தது. இயக்கியவர் ஜோன் மக்டியர்னன். ஆர்னோல்ட் ஸ்வார்ஸ்நேகர் நடித்த டச் என்ற படைத்தலைவன் ஆற்றோடு அடித்துச் செல்லப்பட்டு, அருவியில் விழுந்து, சேற்றுக் கரையில் தவழ்ந்து ஏறுகிறான். துரத்தி வந்த வேட்டைக்காரன் சில அடி தூரத்தில் நின்றும் அவனைக் காணாமலே திரும்பிப் போய்விடுகிறான். அதைப் புரிந்துகொண்ட டச் பிறகு வேண்டுமென்றே உடம்பெல்லாம் சேற்றை அப்பிக்கொண்டு சண்டைக்குத் தயாராகிறான்.

‘சேறு போர்வை மாதிரி உடம்புச் சூட்டை உள்ளேயே மூடி வைத்துவிடும்’ என்பதுதான் பலரும் சொல்லும் விளக்கம். அது சரியில்லை. நம் உடம்பிலிருந்து எந்நேரமும் செங்கீழ்க் கதிர் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. சூடுள்ள எந்தப் பொருளும் வெளிவிடுகிற, நம் கண்ணுக்குப் புலப்படாத ஒளி அது. தமிழகத்து நூல்களில் அகச்சிவப்புக் கதிர் என்பார்கள். கொரோனா காலத்தில் கடைவாசலில் நெற்றிக்கு நேரே ஒரு கருவியைப் பிடித்தார்களே, அது அளந்ததும் இந்தக் கதிரைத்தான். சேறும் தோலைப் போலவே இந்தக் கதிரை நன்றாக வெளிவிடும் பொருள். ஆகவே சேறு பூசியவரைப் பார்க்கிற வெப்பப்படக் கருவிக்கு, அதாவது செங்கீழ்க் கதிரைக் கொண்டு படம் பிடிக்கும் கமராவுக்கு, உள்ளே இருக்கும் தோல் தெரியாது. சேற்றின் மேற்பரப்பு என்ன சூட்டில் இருக்கிறதோ அது மட்டுமே தெரியும். ஆக, மேல்பரப்பு எவ்வளவு நேரம் குளிர்ந்திருக்கும் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம்.

இதற்கு நீங்கள் படம் எடுத்த மெக்சிகோக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. உங்கள் பக்கத்து எருமைகளைப் பாருங்கள். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. வியர்த்துச் சூட்டைத் தணிக்க அதற்கு வசதி போதாது. அதனால் மத்தியான வெயிலில் சேற்றுக் குட்டையில் போய்ப் புரளும். எழும்பி வரும்போது முதுகில் விரல் தடிப்புக்குக் கரும்சேறு வழியும். அதிலுள்ள ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறது. வெறும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். சேறு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். அந்த நேரத்தில் வெப்பப்படத்தில் எருமை கொஞ்சம் மங்கலாகத் தெரியக்கூடும். ஓரம் வெளிறி, பொருக்கு வெடித்து, சேறு காய்ந்த பிறகு ஆவியாக ஒன்றுமில்லை. உள்ளிருந்து வரும் சூடு ஏறி, பொருக்கும் தோலின் சூட்டுக்குக் கிட்ட வந்துவிடும்.

டச் பூசியது மெல்லிய பூச்சு. அது சில நிமிடங்களிலேயே சூடேறிவிடும். இன்றைய வெப்பப்படக் கருவிகள் பத்தில் ஒரு பாகைக்கும் குறைந்த வித்தியாசத்தையே பிரித்துக் காட்டக்கூடியவை. போதாக்குறைக்குக் கண்ணுக்கும் வாய்க்கும் சேறு பூச முடியாது. மூச்சு வேறு சூடாக வந்துகொண்டிருக்கும். விடிய விடிய ஒளிந்திருக்கலாம் என்று நம்பி யாரும் இறங்கிவிட வேண்டாம்.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். சூட்டுக் கண்ணுக்குச் சூடு மட்டும் இருந்தால் போதாது, சூட்டு வித்தியாசம் வேண்டும். நம் தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 33 பாகை செல்சியஸ். விடியப்புறம் வாவிக்கரையில் கண்டலும் கண்ணாவும் 25, 26 பாகையில் குளிர்ந்து நிற்கும்போது, அதற்கு முன்னால் நிற்கும் மனிதன் பளிச்சென்று தெரிவான். இனிக் கச்சான் அடிக்கிற காலத்தை நினைத்துப் பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, இறங்கும்போது காய்ந்து சூடாகி, மட்டக்களப்பை வறுத்தெடுக்கிற மாதங்கள் அவை. பகல் வெப்பநிலை 35 பாகையைத் தாண்டும். மரம், மண், சுவர், மனிதன் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் நிற்கும். வெயிலில் காய்ந்த மணல் மனிதனைவிடச் சூடாகவும் இருக்கும். அந்த நேரத்தில் சேறு இல்லாமலே ஆள் பின்னணியோடு கலந்துவிடுவான். ஈரச் சேறு பூசினால்தான் ஆபத்து: சுற்றிலும் கொதிக்கிற இடத்தில் குளிர்ந்த ஒரு ஆள் உருவம் தனியாகத் தெரியும்!

வேடிக்கை என்னவென்றால், மிகவும் வெக்கையான ஆண்டுகளில்தான் இந்த வேட்டைக்காரன் வருவான் என்று படத்திலேயே ஒரு பாத்திரம் சொல்கிறது. தன் கண்ணுக்குக் கொஞ்சமும் ஒத்துவராத பருவத்தைத் தேடி வருகிற வேட்டைக்காரன்! கதாசிரியர்கள் பௌதிகவியல் ஆசிரியரிடம் ஒருமுறை கேட்டிருக்கலாம். ஆனால் படக்குழு ஒரு விஷயத்தில் சிரத்தையாகத்தான் இருந்தது. செங்கீழ்க் கதிர் ஃபிலிமில் உடம்புச் சூடு பதியாது என்பதால், உண்மையான வெப்பப்படக் கருவியை வைத்தே அவன் பார்வையைப் படமாக்கினார்கள். நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக வரும் நிறங்கள் கருவி கொடுப்பவை. சூட்டுக்கென்று தனி நிறம் கிடையாது.

உண்மையில் ஒளிய வேண்டுமென்றால் சேற்றை விட்டுவிட்டு வாவிக்குள் இறங்குங்கள். இந்தக் கதிரை ஒரு மில்லிமீற்றர் தண்ணீர்கூட ஊடுருவ விடாது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வீச்சு வலை எறிகிறவரை வெப்பப்படத்தில் பார்த்தால் இடுப்புக்கு மேலேதான் ஆள் இருப்பார். அவர் முங்கிவிட்டால் ஆளே இல்லை. டச் அருவியிலிருந்து நனைந்து வந்தவன் என்பதை இப்போது நினைத்துப் பாருங்கள். முதல்முறை அவன் தப்பியதற்குச் சேற்றைவிட அந்தக் குளிர்ந்த நீருக்கே நான் கூடுதல் மதிப்பெண் போடுவேன்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. உண்டு, உங்கள் பக்கத்திலேயே உண்டு. மலைப்பாம்பின் உதட்டோரச் செதில்களில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கும். கூன்மூக்கு விரியனுக்கும் இலங்கைக்கே உரிய பச்சைக் குழிவிரியனுக்கும் கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் இடையில் பக்கத்துக்கு ஒரு குழி. வயலில் நாம் அஞ்சுகிற நாகத்துக்கும் கண்ணாடி விரியனுக்கும் இந்த வசதி கிடையாது. குழிவிரியனின் குழிக்குள் ஒரு மெல்லிய சவ்வு தொங்குகிறது. எலி ஒன்று கிட்ட வந்தால் அதன் கதிர் பட்டு அந்தச் சவ்வு இம்மியளவு சூடாகும். அதை நரம்பு மூளைக்குச் சொல்லும். கண்ணிலிருந்து போகும் செய்தியும் இதுவும் மூளையில் ஒரே பகுதியில் போய்ச் சேர்கின்றன. இந்த வேலையைச் செய்யும் புரதத்தை 2010இல் கண்டுபிடித்தார்கள், பெயர் டி.ஆர்.பி.ஏ.1. அதே புரதம் நம் உடம்பிலும் இருக்கிறது. கடுகை அரைத்து வாயில் வைத்தால் சுள்ளென்று ஏறுகிறதே, அதை உணர்த்துவது அதுதான். ஆனால் பாம்பின் இந்தப் பார்வை ஏறக்குறைய ஒரு மீற்றர் தூரத்துக்குத்தான். படத்தில் போல மரக்கிளையில் இருந்துகொண்டு காடு முழுவதையும் அளக்க அதனால் முடியாது.

அதைவிடக் கைதேர்ந்த வேட்டைக்காரி ஒருத்தி உங்கள் வீட்டுக்குள்ளேயே இருக்கிறாள். டெங்கு பரப்பும் ஈடிஸ் நுளம்பைச் சொல்கிறேன். குத்துவது பெண் நுளம்பு மட்டும்தான். அது செங்கீழ்க் கதிரையும் உணர்கிறது என்று கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு 2024இல் காட்டியது. சுமார் 70 சென்றிமீற்றர் தூரம் வரை, உணர்கொம்பின் நுனியால். அங்கேயும் வேலை செய்வது அதே டி.ஆர்.பி.ஏ.1 தான். ஆனால் கதிர் மட்டும் இருந்தால் அது அசையாது. நம் மூச்சில் வரும் காபனீரொட்சைட்டும் உடல் வாசனையும் சேர்ந்தால்தான் தேடி வரும்; அப்போது கதிரும் இருந்தால் தேடுகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. டச்சின் வித்தை இதனிடம் பலிக்காது. சேற்றைப் பூசலாம், மூச்சை நிறுத்த முடியாதே.

இதற்கு எதிராக நம்மால் செய்யக்கூடியது சின்ன வேலைதான். உடம்போடு ஒட்டாத, கைகால் மூடிய தளர்ந்த உடுப்பு நுளம்பு குத்துவதைத் தடுக்கும். தோலுக்கும் துணிக்கும் இடையிலுள்ள காற்றில் சூடும் கொஞ்சம் கரைந்துபோகும். மட்டக்களப்பு வீடுகளில் எருமைத் தயிர் தீர்ந்த சட்டியை வளவுக்குள் போட்டுவிடுகிற வழக்கம் இருக்கிறது. மாரி மழை தொடங்கினால் அதில் தேங்கும் ஒரு கை தண்ணீர் ஈடிஸ் முட்டையிடப் போதும். இந்த வார இறுதியிலேயே வளவைச் சுற்றி வந்து, சட்டி, சிரட்டை எதுவென்றாலும் கவிழ்த்து வைத்து, பழைய டயரை மழை படாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள்.