எம்டனும் விண்கப்பலும்: சில நம்பிக்கைகள், சில உண்மைகள்

விண்வெளியில் ஒரு கப்பலை நடத்திச் செல்லும் தளபதியின் ஸ்தானத்தில் நம்மை அமர்த்தி, கப்பல் ஒருமுறை அழிந்துவிட்டால் பழைய இடத்திலிருந்து தொடர்வதற்கு இடமே தராமல் ஆட்டத்தை அடியிலிருந்து ஆரம்பிக்கச் செய்யும் கணினி விளையாட்டுகளை நம் வாலிபர்கள் பெருவிருப்பத்துடன் ஆடி வருகிறார்கள். 1980ஆம் ஆண்டு வெளிவந்த 'ரோக்' என்னும் விளையாட்டின் வழியில் வந்தவையாதலால் இவற்றை ரோக்லைக் என்கிறார்கள். இவற்றுள் 2012இல் வெளிவந்த 'ஃபாஸ்டர் தான் லைட்' மிகவும் பிரசித்தமானது. அதில் எரிபொருளும் ஏவுகணையும் மாலுமிகளும் எண்ணி அளந்தே கிடைக்கும். பின்னால் கலகக்காரரின் பெரும்படை துரத்தி வந்துகொண்டே இருக்கும். இவ்விதமான ஆட்டத்தில் உயிர் பிழைப்பது எப்படி என்பதைப் பற்றி ஆடுவோரிடையே பல நம்பிக்கைகள் வேரூன்றியிருக்கின்றன. அவற்றை ஆராய்வதற்கு விண்வெளிக்குப் போக வேண்டியதில்லை. ஜோர்ஜ் டவுனுக்கும் பட்டர்வொர்த்துக்கும் இடையே கிடக்கும் நம்முடைய கடலிலேயே, முதல் உலகப் போரின்போது, 1914ஆம் வருஷம் அக்டோபர் 28ஆம் தேதி விடியற்காலையில், ஒரே ஓர் உயிரோடு யுத்தம் செய்த தளபதிகள் இருவரின் விதி நிர்ணயமாயிற்று.

நம்பிக்கை: பெரிய பீரங்கி உடையவனே பிழைப்பான்.

கிடைத்த செல்வம் அனைத்தையும் ஆயுதத்திலேயே போடு என்று புதிதாக ஆடுவோருக்குப் பலரும் உபதேசிக்கிறார்கள். அன்று பினாங்குத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த ருஷ்யப் போர்க்கப்பலான ஜெம்சுக், 120 மில்லிமீட்டர் வாய் அகலமுள்ள பீரங்கிகளைத் தாங்கியது. 1905இல் சுஷிமா கடற்போரின் பேரழிவிலிருந்து தப்பி வந்த அனுபவமும் அதற்கு உண்டு. அதைத் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனிடம் இருந்தவையோ 105 மில்லிமீட்டர் பீரங்கிகள். ஆயுதமே உயிரைக் காப்பதாயின் பிழைத்திருக்க வேண்டியது ஜெம்சுக். சில நிமிஷங்களில் இரண்டாகப் பிளந்து கடலடியில் அமிழ்ந்ததும் அதுவே.

அது அமிழ்ந்ததற்குக் காரணம், துறைமுகத்துக்குள் வந்துவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்னும் மற்றொரு நம்பிக்கை. விளையாட்டில் கடை கண்ட இடத்தில் நிம்மதியாக மூச்சு விட்டுக் கவசத்தையும் கதவுகளையும் மறந்துவிடுகிறவர்கள் இதைச் சற்று நிதானமாகக் கேட்க வேண்டும். கொதிகலன்களைச் சுத்தம் செய்வதற்காக இங்கே வந்து நின்ற ஜெம்சுக்கின் தலைவர் பாரன் செர்க்காசோவ் அன்றிரவு கப்பலிலேயே இல்லை, கரையில் தங்கியிருந்தார். குண்டுகளெல்லாம் கிடங்கில் பூட்டப்பட்டிருக்க, மேல்தளத்தில் கைக்கெட்டும் இடத்தில் கிடந்தவை பத்துப் பன்னிரண்டே. டார்ப்பிடோக்களும் உடனே ஏவக்கூடிய நிலையில் இருக்கவில்லை. எம்டனோ, தனக்கு இயல்பாக உள்ள மூன்று புகைபோக்கிகளோடு மரச்சட்டத்தில் கித்தான் துணியை இழுத்துக் கட்டிய பொய்ப் புகைபோக்கி ஒன்றையும் நான்காவதாக நிறுத்திக்கொண்டு, தொலைவிலிருந்து நோக்குவோருக்கு நான்கு புகைபோக்கி கொண்ட 'யார்மத்' என்னும் ஆங்கிலக் கப்பலைப் போலத் தோற்றமளித்தவாறு, விடியலுக்கு முந்தைய அரையிருளில் துறைமுகத்தினுள் புகுந்தது. காவலிலிருந்தோர் நேசநாட்டுக் கப்பல் என்றே நினைத்து வழிவிட்டார்கள். ஜெம்சுக்கை நெருங்கியதும் எம்டன் தன் சொந்தக் கொடியை ஏற்றி ஒரு டார்ப்பிடோவை விடுத்தது. பீரங்கிகளால் தளத்தைத் துளைத்தது. பிறகு திரும்பி வந்து இரண்டாம் டார்ப்பிடோவை விடுத்தது. அதோடு முடிந்தது. மாண்டவர் எண்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களுடைய நினைவுச்சின்னம் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஜெரஜாக் தீவிலும் ருஷ்ய மாலுமிகளின் கல்லறை உண்டு. செர்க்காசோவ் பின்னர் இராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்றார்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழக்கூடும்: வேஷம் போட்டு வருவது வீரனுக்கு அழகா என்பது அது. கடற்போர் வழக்கத்தில் மாற்றுருக் கொள்வது அக்காலத்தில் ஏற்கப்பட்ட தந்திரமே. முதற் குண்டு புறப்படுமுன் உண்மைக் கொடியை உயர்த்த வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. அந்த நிபந்தனையை எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் நிறைவேற்றினார். விளையாட்டிலே மறைவுக் கருவியைக் கோழைத்தனம் என்று ஒதுக்குகிற இளைஞர்களிடம் எனக்கு அனுதாபம் உண்டு, சம்மதம் இல்லை.

நம்பிக்கை: எதிர்ப்பட்ட பகைவனையெல்லாம் அழித்துக்கொண்டே போக வேண்டும்.

முல்லரின் கதையில் எனக்கு மிகுந்த மதிப்பைத் தருவது அவர் சுட்ட குண்டுகளைக் காட்டிலும் அவர் தேடிய நிலக்கரியே. 1914 ஆகஸ்டு நடுவில், பசிபிக் சமுத்திரத்தில் பாகன் தீவருகே, ஜெர்மானியத் தளபதி ஸ்பே என்பவரின் படையிலிருந்து பிரிந்து 'மார்க்கோமானியா' என்ற ஒரே ஒரு கரிக்கப்பலுடன் இந்து மகா சமுத்திரத்துக்குள் புகுந்த அவருக்கு, இக்கடல் முழுவதிலும் நட்புத் துறைமுகம் ஒன்றுகூட இல்லை. கரி தீர்ந்த நாளே கப்பல் தீரும் நாள். ஆகையால் பிடிபட்ட வர்த்தகக் கப்பல்களை உடனே மூழ்கடித்துவிடாமல், எதில் என்ன சரக்கு இருக்கிறது என்று முதலில் சோதித்தார். செப்டம்பர் 27இல் ஆங்கிலக் கடற்படைக்கென 6,600 டன் உயர்ந்த கரியைச் சுமந்து சென்ற 'பியூரெஸ்க்' கையில் அகப்பட்டபோது, அதை மூழ்கடியாமல் தம்மோடு அழைத்துக்கொண்டார். உஷ்ணமண்டல வெயிலில், அலையில் இரண்டு கப்பல்களும் உரசிக்கொள்ள, மாலுமிகள் கரிமூட்டைகளை ஒவ்வொன்றாக மாற்றித் தளமெங்கும் குவித்தார்கள். மூக்கிலும் கண்ணிலும் கரித்தூள் ஏறிய அவ்வேலையே அவர்களுக்கு எந்தப் போரையும்விடக் கடினமான போர். அக்டோபர் 12இல் மார்க்கோமானியாவை மெய்யான யார்மத்தே மூழ்கடித்துவிட்டபோதும் எம்டனால் பினாங்குவரை வரமுடிந்தது பியூரெஸ்க்கை முன்யோசனையோடு வைத்துக்கொண்டிருந்ததனாலேதான். எரிபொருளே இல்லாமல் நட்சத்திரங்களுக்கு நடுவே உதவிக்காகக் காத்து நின்று, துரத்தி வரும் படைக்கு இரையாகிப்போன விளையாட்டுக்காரர் யாராயினும் இதன் பொருளை உடனே உணர்வார்.

போர் செய்யாது விலகுவதையும் அவர் கற்றிருந்தார். செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தைத் தாக்கி, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு, கரையிலிருந்து பதில் வலுப்பதற்குள் அகன்றுபோனார். பினாங்கிலும் அவ்வாறே ஜெம்சுக்கை முடித்தபின் துறைமுகத்தில் தங்கவில்லை.

அதிர்ஷ்டமே எல்லாம் என்பாரும் உளர். அதிர்ஷ்டத்துக்குப் பங்கில்லை என்று நான் சொல்ல மாட்டேன்: வெளியேறிய எம்டனைப் பின்தொடர்ந்த பிஸ்தோலே என்ற பிரெஞ்சுக் கப்பல் மழை மறைப்பில் அதைத் தவறவிட்டது. ஆனால் அந்த மழை வருவதற்கு முன்பே, ரோந்து முடித்துத் திரும்பிய மற்றொரு பிரெஞ்சுக் கப்பலான மூஸ்கே எம்டனின் பீரங்கிகளுக்கு இலக்காகி மூழ்கியிருந்தது. பகைவர் எந்நேரமும் வந்து சூழக்கூடிய அந்த நிலையிலும் முல்லர் கப்பலை நிறுத்தி, மூஸ்கேயின் மாலுமிகள் முப்பத்தாறு பேரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார். இரண்டு தினங்கள் கழித்து, எதிர்ப்பட்ட 'நியூபர்ன்' என்னும் வர்த்தகக் கப்பலில் அவர்களை ஏற்றி அனுப்பிவைத்தார். இது மழை செய்த காரியமல்ல.

நம் ஊர் நம்பிக்கைகள் இரண்டையும் இவ்விடத்திலேயே திருத்திவிடுகிறேன். எம்டன் ஜோர்ஜ் டவுன் நகரத்தைக் குண்டு வீசி எரித்தது என்பது சரியன்று. சென்னைக் கதை இங்கே வந்து கலந்துவிட்டது. இங்கே முல்லரின் குறி போர்க்கப்பல்களே. அடுத்தது, திருவனந்தபுரத்தில் பிறந்த தேசபக்தர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் இருந்து சென்னைத் தாக்குதலை வழிநடத்தினார் என்பது. அக்காலத்தில் அவர் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் இந்திய விடுதலைக்கான கமிட்டியின் தலைவராயிருந்தார். அக்டோபரில் பெர்லினுக்குச் சென்றார். அங்கே அவர் செய்த தொண்டு போதுமான பெருமை. ஏறாத கப்பலில் அவரை ஏற்றுவது அந்தத் தொண்டை மறைத்துவிடுகிறது என்பதாலேயே இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

நம்பிக்கை: கெட்டிக்காரத் தளபதி எந்த இடத்துக்கும் இன்னும் ஒருமுறை போய்வரலாம்.

பினாங்கிலிருந்து தப்பிய பன்னிரண்டாம் நாள், நவம்பர் 9ஆம் தேதி காலையில், கொக்கோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்ஷன் தீவிலுள்ள தந்தி நிலையத்தை அழிக்க முல்லர் வந்தார். தந்தி நிலையத்தார் அபாயச் செய்தியை அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளைச் சுமந்த பெருங்கூட்டம் ஒன்று வெகு அண்மையில் கடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அதிலிருந்து பிரிந்து விரைந்து வந்த 'சிட்னி' கப்பல் ஆறு அங்குலப் பீரங்கிகளைக் கொண்டது. எம்டனின் முதற் குண்டுகள் குறி தவறாமல் பட்டாலும், தூரத்தில் நின்றே அடிக்கவல்ல சிட்னிக்கு முன் அது நீடிக்க முடியவில்லை. மாலுமிகளில் சுமார் ஐம்பது பேர் அச்சமயம் கரையில் இருந்தார்கள்; ஆள் குறைந்த நிலையிலேயே கப்பல் போரிட நேர்ந்தது. எஞ்சியோரைக் காப்பதற்காக முல்லர் வடகீலிங் தீவின் பவளப்பாறை மீது கப்பலை ஏற்றி நிறுத்தினார். மாண்டவர் நூற்று முப்பதுக்கு மேல். அவர் கைதியாகி மால்டாவுக்குக் கொண்டுபோகப்பட்டார். முந்நூறுக்கு மேற்பட்ட ஆட்களும் மூன்று மாத அனுபவமும், தவறாகக் கணித்த ஒரே ஒரு காலைப்பொழுதில் சிதறின. விளையாட்டிலும் அப்படியே: பின்னால் படை நெருங்கிவிட்டதைப் படத்தில் கண்டும், இன்னும் ஓரிடம் பார்த்துவிட்டுப் போவோம் என்று தாமதிக்கும் அந்த நிமிஷத்திலேயே பல நெடும் பயணங்கள் முடிவடைகின்றன.

கப்பல் அழிந்தால் சேனையும் அழிந்தது என்ற கணக்கு மட்டும் கணினிக்கு உரியது. தீவுக் கரையில் விடப்பட்ட அந்த ஐம்பது பேர், முதல் அதிகாரி ஃபான் மூக்கேயின் தலைமையில், அங்கே நின்ற 'ஆயிஷா' என்னும் பழைய பாய்க்கப்பலைக் கைப்பற்றி, அதில் உணவும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, அன்று மாலையே சுமத்ராவின் பாடாங்கை நோக்கிப் பாய் விரித்தார்கள். அங்கிருந்து வேறொரு ஜெர்மன் கப்பலேறி அரேபியக் கரை சேர்ந்து, பாலைவனத்தில் வழிப்பறிக்காரரோடு போராடி, வழியில் சிலரை இழந்து, 1915 மே மாதம் கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தார்கள்.