கல்லங்குறிச்சிப் பிள்ளைக்கு ஏஐ கட்டுரை எழுதலாமா? நம்பிக்கைகளும் உண்மைகளும்

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுமக்கள் கைக்கு வந்தது. இன்று அரியலூர், பெரம்பலூர் மாவட்டச் சிற்றூர்களிலும் பலரது செல்பேசியில் ஏதாவது ஒரு ஏஐ செயலி இருக்கிறது. பேச்சுப்போட்டி உரை, கல்லூரி அசைன்மென்ட், அறிவியல் ப்ராஜெக்ட் என எதைக் கேட்டாலும் நொடிகளில் எழுதித் தருகிறது. அது தருவதை அப்படியே நோட்டில் இறக்கி வைக்கும் பிள்ளைகள் பெருகிவிட்டார்கள். இதில் என்ன கெடுதல் என்று கேட்கும் பெற்றோரும் உண்டு, இந்தச் சனியனே வேண்டாம் என்று ஒதுக்கும் ஆசிரியரும் உண்டு. இரு தரப்பிலும் சில தவறான நம்பிக்கைகள் வேரூன்றிக் கிடக்கின்றன. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியை முன்னால் வைத்து அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: ஏஐக்குத் தெரியாதது இல்லை. நம் ஊரைப் பற்றிக் கேட்டாலும் சரியாகச் சொல்லும்.

உண்மை: சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் ஏராளமான எழுத்தைப் படித்து, ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணிக்கப் பழக்கப்பட்டவை. பலரும் பலமுறை எழுதிய விஷயங்களில் அந்தக் கணிப்பு பெரும்பாலும் சரியாக அமையும். யாரும் அதிகம் எழுதாத ஊரைக் கேட்டால் பொதுவாக எல்லா ஊருக்கும் பொருந்துவதைச் சொல்லி நிரப்பும் ஆபத்து இருக்கிறது.

கல்லங்குறிச்சியின் கலியுக வரதராசப் பெருமாள் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். பெருமாள் கோயில் என்றதும் சங்கு சக்கரம் ஏந்தி நிற்கும் மூலவர், அருகில் தாயார் என்றுதான் ஆயிரம் பக்கங்களில் எழுதியிருக்கும். கல்லங்குறிச்சியிலோ மூலவராக வணங்கப்படுவது ஒரு கல் கம்பம். விளைந்த தானியத்தில் ஒரு பங்கை உழவர்கள் இங்கே காணிக்கையாகக் கொண்டுவந்து செலுத்துகிறார்கள். பெருவழக்கை மட்டுமே அறிந்த கருவி இந்தக் கோயிலைத் தவறாக வருணித்தாலும், அந்தத் தவறு நல்ல தமிழில், தடுமாற்றமே இல்லாமல் வரும். கோயிலைக் கண்ணால் பார்த்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அதைச் சட்டென்று பிடித்துவிடும். பார்க்காத ஒருவர் அப்படியே நம்பிவிடுவார்.

மண்ணுக்கடியில் கதை இன்னும் சுவையானது. இந்த வட்டாரத்துப் பாறைகளை ஆராய்ந்த எச்.எஃப். பிளான்ஃபோர்டு 1862-இல் அவற்றை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். அரியலூர்த் தொகுதிக்குள் அடங்கும் ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்குக்குப் புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயரே கல்லங்குறிச்சி. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்த கிரைபியா என்னும் சிப்பிகளின் ஓடுகள் அந்தப் பாறையில் அடர்ந்து கிடக்கின்றன. சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக் கல் தருவதும் இந்த வட்டாரத்துப் பாறைகள்தான்.

இதே பகுதியில் 2020 அக்டோபரில் ஒரு பரபரப்பு எழுந்தது. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் முட்டை வடிவக் கற்கள் கிடைத்ததும், அவை டைனோசர் முட்டைகள் என்று சமூக ஊடகங்களில் செய்தி பறந்தது. புவியியலாளர்கள் நேரில் பார்த்து, அவை அம்மோனைட் என்னும் கடல் உயிரிகளைச் சுற்றிப் படிவு இறுகி உருண்ட கற்கள் என்று விளக்கினார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் புதைபடிவங்கள் கிடைத்ததாக 2009-இல் ஆய்வாளர்கள் அறிவித்திருந்தார்கள். அரியலூர், உருண்டைக் கல், டைனோசர் என்ற சொற்கள் ஏற்கெனவே ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. சொல்லோடு சொல் சேரும் வாய்ப்பை மட்டும் பார்த்தால் குன்னத்துக் கல்லும் முட்டைதான். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தவரால்தான் இல்லை என்று சொல்ல முடிந்தது.

நம்பிக்கை 2: நூலின் பெயர், ஆண்டு, மேற்கோள் எல்லாம் கொடுத்தால் அது பொய்யாக இருக்காது.

உண்மை: நூற்பெயரையும் கணித்தே எழுத முடியும். நியூயார்க்கில் ஏவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி உருவாக்கித் தந்த, உலகில் நடக்கவே நடக்காத வழக்குகளின் தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் முன்வைத்தார்கள். 2023 ஜூனில் அவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. ஆஸ்திரேலிய அரசுக்கு டெலாய்ட் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த அறிக்கையில் இல்லாத ஆய்வுகள் சான்றாகக் காட்டப்பட்டிருந்தது வெளிப்பட்டு, 2025 அக்டோபரில் அந்த நிறுவனம் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. படித்துத் தேர்ந்த வழக்கறிஞரும் ஆலோசகரும் சரிபார்க்காமல் ஏமாந்த இடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஏமாறாது என்று எப்படி நம்புவது? மேற்கோளின் மூலத்தைத் தேடி எடுத்துப் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்க வேண்டும்.

நம்பிக்கை 3: மதிப்பெண் கூடுகிறது. அப்படியானால் பிள்ளை நன்றாகக் கற்கிறது.

உண்மை: இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. துருக்கியில் ஏறத்தாழ 1,000 உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு கணிதப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தலைமையில் நடந்த அந்த ஆய்வு 2025-இல் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு வழக்கமான சாட்ஜிபிடி போன்ற கருவி கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு, விடையை நேரே சொல்லாமல் குறிப்பு மட்டும் தருமாறு ஆசிரியர்கள் வழியமைத்த கருவி. மூன்றாவது குழுவுக்குப் பாடநூலும் நோட்டும் மட்டும்.

பயிற்சிக் கணக்குகளில் முதல் குழு 48 விழுக்காடு கூடுதலாகச் சாதித்தது. பிறகு கருவியைப் பிடுங்கிக்கொண்டு தேர்வு வைத்தபோது, கருவியையே காணாத பிள்ளைகளைவிட 17 விழுக்காடு பின்தங்கியது. தாங்கள் குறைவாகக் கற்றிருக்கிறோம் என்பதே அந்த மாணவர்களுக்குத் தெரியவில்லை. குறிப்பு மட்டும் தந்த கருவியைப் பயன்படுத்திய குழு பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேறியது. தேர்வில் அதற்குப் பெரிய சரிவு ஏற்படவில்லை; பெரிய ஆதாயமும் கிடைக்கவில்லை.

கணக்குக்குச் சொன்னது கட்டுரைக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம். ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியருக்குக் கல்லங்குறிச்சியைப் பற்றிய செய்தி தேவைப்படவில்லை. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, பார்த்ததை எந்தச் சொல்லில் வைப்பது என்று அந்தப் பிள்ளை திணற வேண்டும் என்பதற்காகத்தான் எழுதச் சொல்கிறார். அந்தத் திணறலில்தான் சிந்தனை வளர்கிறது. மண்வெட்டியை வேறொருவர் பிடித்தால் நம் கை உரம் ஏறாது. ஏஐ எழுதிய கட்டுரைக்குக் கிடைத்த பத்துக்குப் பத்தில் பிள்ளையின் பங்கு ஒன்றும் இல்லை.

நம்பிக்கை 4: ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் இருக்கிறது. அதில் போட்டால் திருட்டு தெரிந்துவிடும்.

உண்மை: சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படி ஒரு கருவியை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சோதனையிலேயே, ஏஐ எழுதிய பகுதிகளில் 26 விழுக்காட்டைத்தான் அது சரியாக இனங்கண்டது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை ஏஐ எழுதியதாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அந்த ஆண்டு ஜூலையிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நம் பிள்ளைகளை நேரடியாகத் தொடும் செய்தி ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்னும் ஆங்கிலத் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை 7 மென்பொருள்களில் சோதித்தார்கள். சராசரியாக 61 விழுக்காட்டுக் கட்டுரைகள் ஏஐ எழுதியவை என்று தவறாக முத்திரை குத்தப்பட்டன. அமெரிக்கப் பள்ளி மாணவர்களின் கட்டுரைகள் ஏறக்குறைய தப்பித்துவிட்டன. எளிய சொற்களும் எளிதில் எதிர்பார்க்கக்கூடிய வாக்கிய அமைப்பும் இருந்தால் இந்த மென்பொருள்கள் சந்தேகப்படுகின்றன. குடும்பத்தில் முதல் ஆளாக ஆங்கிலம் எழுதப் பழகும் பிள்ளை எளிய சொற்களில்தானே எழுதும்? அந்தப் பிள்ளையைத் திருடன் என்று ஓர் இயந்திரம் சொல்ல, ஆசிரியரும் தலையாட்டினால் அதைவிடப் பெரிய அநீதி கிடையாது.

இந்தியாவிலும் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2024-இல் ஒரு சட்ட மாணவரின் தேர்வு விடை 88 விழுக்காடு ஏஐ எழுதியது என்று கூறிப் பல்கலைக்கழகம் அவர் தேர்ச்சி பெறவில்லை என்று அறிவித்தது. அவர் பஞ்சாப், அரியானா உயர்நீதிமன்றத்தை நாடினார். பிறகு பல்கலைக்கழகமே தேர்ச்சி வழங்கியதாகத் தெரிவிக்க, வழக்கு முடிந்தது. சந்தேகம் வந்தால் மாணவரைக் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசுங்கள். எழுதியவருக்குத் தன் கட்டுரையைப் பற்றிப் பேசத் தெரியும்.

நம்பிக்கை 5: தமிழிலும் ஆங்கிலத்தைப் போலவே வேலை செய்கிறது.

உண்மை: முன்னேற்றம் உண்டு, சமநிலை இன்னும் வரவில்லை. ஓபன்ஏஐயின் ஜிபிடி-3 பயின்ற சொற்களில் ஏறத்தாழ 93 விழுக்காடு ஆங்கிலம். இந்த மாதிரிகள் எழுத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துத்தான் வாசிக்கின்றன. 2024 மே மாதம் அந்த நிறுவனமே ஒரு சிறு வாழ்த்துரையை வைத்து ஒப்பிட்டுக் காட்டியது. பழைய முறையில் ஆங்கிலத்தில் 27 துண்டுகளில் அடங்கிய செய்திக்குத் தமிழில் 116 தேவைப்பட்டன. புதிய முறையில் அது 24-க்கு 35 என்று இறங்கியது. துண்டு குறைந்தாலும் பயின்ற தமிழ் குறைவாகவே இருக்கிறது. அதனால் வட்டார வழக்கு மறைந்து, ஆங்கில வாக்கியத்தின் நிழல் படிந்த தமிழ் வருகிறது. அதையே படித்து அதையே எழுதும் தலைமுறைக்குத் தன் பாட்டியின் பேச்சு அந்நியமாகிவிடும். என் பெரிய கவலை இதுதான்.

நம்பிக்கை 6: இலவசமாகக் கிடைக்கிறது. டியூஷனுக்கு வழியில்லாத பிள்ளைக்கு இதுதான் ஆசிரியர்.

உண்மை: இதில் பாதி சரி. இரவில் சந்தேகம் கேட்க ஆளில்லாத வீட்டில், பாடத்தை இன்னொரு முறை எளிமையாக விளக்கும் கருவி உண்மையான உதவி. அந்த உதவியை ஏழைப் பிள்ளைக்கு மறுப்பது நியாயமாகாது. ஆனால் இலவசத்துக்குக் கெடு உண்டு. ஓபன்ஏஐ 2025 நவம்பர் 4 முதல் தன் கட்டணச் சேவை ஒன்றை இந்தியர்களுக்கு ஓராண்டு இலவசமாக்கியது. செல்பேசி நிறுவனங்களோடு சேர்ந்து மற்ற நிறுவனங்களும் இதே வழியில் வந்தன. பழக்கம் ஏற்பட்ட பின் விலை வரும்போது வசதியுள்ள வீடுதான் கொடுக்கும். அதற்குள் சுயமாக எழுதும் பழக்கத்தைத் தொலைத்த ஏழைப் பிள்ளைக்கு இரண்டு நட்டம்.

பிள்ளை முகம் வாடினால் ஏன் என்று கேட்கவும், நேற்று செய்த அதே பிழையை இன்று நினைவூட்டவும் வகுப்பறையில் ஓர் ஆள் வேண்டும். கருவி வந்துவிட்டது என்று சொல்லிக் காலியான ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாமல் விடுவதை எந்தப் பெற்றோரும் ஏற்கக் கூடாது.

நம்பிக்கை 7: தடை போட்டால் தீர்ந்தது.

உண்மை: நியூயார்க் நகரப் பள்ளிகள் 2023 ஜனவரியில் சாட்ஜிபிடியைத் தடை செய்தன. அதே ஆண்டு மே மாதம் தடையை விலக்கிக்கொண்டன. பள்ளி இணையத்தில் மூடினாலும் வீட்டுச் செல்பேசியில் திறந்திருக்கும். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இத்தகைய கருவிகளைத் தனியே பயன்படுத்துவதற்கு 13 வயது என ஓர் எல்லை வைக்க அரசுகளைக் கேட்டுக்கொண்டது. சிறு பிள்ளைகளுக்கு அந்த எல்லை அவசியம். மேல் வகுப்புகளுக்குக் கேள்வியை மாற்றுவதுதான் வழி.

ஆசிரியர்களே, ‘சுற்றுச்சூழல் பாதுகாப்பு’ என்று தலைப்புக் கொடுத்தால் ஏஐ எழுதிவிடும். சுண்ணாம்புச் சுரங்கம் வந்த பின் தங்கள் தெருவில் எது மாறியது என்று மூன்று பெரியவர்களிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். கல்லில் பதிந்த ஒரு சிப்பியை வரைந்து வருணிக்கச் சொல்லுங்கள். முதல் வரைவை வகுப்பிலேயே கையால் எழுத வையுங்கள். ஏஐ அதே தலைப்பில் எழுதியதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, அதிலுள்ள பிழைகளைப் பிள்ளைகளையே தேட விடுங்கள். பெற்றோரே, மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் என்ன எழுதினாய் என்று கேளுங்கள், உட்கார்ந்து கேளுங்கள். மாணவர்களே, முதலில் நீங்கள் எழுதுங்கள். அப்புறம் வேண்டுமானால் கருவியிடம் குறை கேளுங்கள், அது சொல்வதைச் சரிபாருங்கள். கல்லங்குறிச்சியைப் பற்றி உலகம் படிக்க வேண்டியதை எழுத உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. எழுதுங்கள்.