குணமே ஆகாதா, டீச்சர்?

பத்தாம் வகுப்பு அறிவியலில் ‘உடல் நலம் மற்றும் நோய்கள்’ பாடம் நடத்தும்போது, போதைப்பொருள் பகுதியில் பிள்ளைகளைப் பயமுறுத்துவதுதான் என் வழக்கம். “ஊசியில் போதை ஏற்றியவனுக்கு மஞ்சள் காமாலை வந்து கல்லீரல் போய்விடும், அவ்வளவுதான்” என்று ஓர் ஆண்டு சொன்னேன். வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தயங்கித் தயங்கி வந்தாள்.

“ஹெபடைட்டிஸ் சி வந்தவங்க தட்டுல நாம சாப்பிடலாமா, டீச்சர்? அவங்களுக்குக் குணமே ஆகாதா?”

யாருக்கு என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சரியான விடை எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உறுத்தியது. அன்று மாலையே ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்தேன்.

தட்டு, தண்ணீர், தொடுதல், இருமல் எதனாலும் இது பரவாது, இரத்தத்தால்தான் பரவும். ரேசர், பல்துலக்கி, நகவெட்டி மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் இல்லாமலே கல்லீரலைக் கெடுக்கும் என்பதால் பரிசோதனை அவசியம். தடுப்பூசி கிடையாது. ஆனால் மருந்து உண்டு. பெரும்பாலானோர் 12 வாரம் தினமும் மாத்திரை சாப்பிட்டால் போதும். 100 பேரில் 95 பேருக்கு மேல் குணமாகிறார்கள். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம். போதைப் பழக்கத்தை விட்ட பிறகுதான் சிகிச்சை என்ற நிபந்தனையும் தேவையில்லை.

மறுநாள் அவளிடம் சொன்னேன். “மாத்திரைக்குக் காசு வேண்டாமா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

இப்போது அந்தப் பகுதியை வேறு மாதிரி நடத்துகிறேன். எட்டுக் கிண்ணங்களில் இரண்டிரண்டு கரண்டித் தண்ணீர். ஒன்றில் மட்டும் சுண்ணாம்புத் தெளிநீர். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். ஒரே இங்க் ஃபில்லரால் ஒவ்வொரு கிண்ணத்திலும் உறிஞ்சி, கொஞ்சம் விட்டு, அடுத்ததற்குப் போக வேண்டும். (சிரிஞ்சு கொண்டுவர வேண்டாம், ஃபில்லரே போதும். சுண்ணாம்புத் தெளிநீரை நானே ஊற்றுவேன்.) கடைசியில் மஞ்சள் கரைத்த நீரை விட்டால், தெளிநீர்க் கிண்ணத்தோடு அதற்கு அடுத்தவையும் சிவக்கும். ஃபில்லரை அலசிய சிறு கிண்ணமும் சிவப்பதைப் பார்த்துத்தான் பிள்ளைகள் திடுக்கிடுகிறார்கள். ஊசியை மட்டுமல்ல, மருந்தைக் கரைக்கும் தண்ணீரையும் பஞ்சையும் பகிர்ந்தாலே தொற்றும் என்பதை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. வலிநிவாரணி மாத்திரையைக் கரைத்து ஏற்றும் பழக்கம் நம் ஊர் இளைஞர்களிடமும் வந்துவிட்ட நிலையில் இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

புதிய ஊசி கொடுக்கும் அரசுத் திட்டத்தைச் சொன்னபோது, “பழக்கத்தை வளர்ப்பதாகாதா?” என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஊசி வாங்க வருபவரிடம்தான் பரிசோதனைக்கு வாருங்கள் என்று சொல்ல முடிகிறது. நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை பற்றியும் சொல்லி, ஊசியிலிருந்து மெல்ல விலக்க முடிகிறது. குணமானவருக்கும் மறுபடி தொற்றலாம் என்பதால் இவையெல்லாம் சிகிச்சையோடு சேர்ந்தே நடக்க வேண்டும்.

பெற்றோர் வந்தால் இன்னொன்றும் சொல்கிறேன். குணமான பிறகும் முதல் வகை இரத்தப் பரிசோதனை ‘பாசிட்டிவ்’ என்றே காட்டும்; அது பழைய தொற்றின் தடயம். இரத்தத்தில் வைரஸ் இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டாவது பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

வகுப்பு முடிந்தபின் போதை மீட்பு உதவி எண் 14446-ஐக் கரும்பலகையில் அழிக்காமல் விட்டுவிட்டு வெளியே வருகிறேன். யார் குறித்துக்கொள்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பதில்லை.